கடல் பார்க்காத கப்பல் ஜம்புலிங்கம்

திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "கப்பல்காரர் வீடு எது?" என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். கையோடு ஒரு சிரிப்பும் வரும். கப்பலுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மலை உண்டு, மலைமேல் முருகன் உண்டு, தாலுக்கா ஆபீஸ் உண்டு, வெயில் வேண்டியமட்டும் உண்டு. தண்ணீர் என்று பார்த்தால் கோயில் குளமும், நல்ல மழை பெய்தால் நிரம்புகிற நாலைந்து ஏரிகளும்தான். அங்கே லுங்கிக் கடை வைத்திருந்த ஜம்புலிங்கத்துக்குக் கப்பல் என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று அடுத்த கேள்வி கேட்டால், சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிடுவார். அவருடைய மருமகள் பத்மாவிடமே கேட்டுவிட்டாலோ, அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஜம்புலிங்கம் பொதட்டூர்பேட்டைக்காரர். தறிக்காரக் குடும்பம். திருத்தணிக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்ட பிறகும் வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. நூல் வாங்க மெட்ராசுக்குப் போவார். சென்ட்ரலில் இறங்குவார், நூல் கடைக்கு நடப்பார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுவார். இப்படி எத்தனையோ தடவை போயும் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "அங்க போய் இன்னா பண்றது, மணல்ல குந்திகினு சுண்டல் துன்றதா?" என்பார். வேலை இல்லாமல் ஓரிடத்துக்குப் போவது அவருக்குத் தெரியாத கலை.

ஒரே மகன் சிங்காரம். அப்பா எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு வாயாடி. அவன் பேச ஆரம்பித்தால் வேட்டி கட்டுகிறவனும் லுங்கி வாங்கிக்கொண்டு போவான். அறுபத்தொன்றில் அம்மையார்குப்பத்திலிருந்து பத்மாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பத்மா தன் புருஷன் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் யார்தான் சொன்னார்கள்? ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் "புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டபோது, அடுப்படியிலிருந்த மாமியார் ஜெயம்மாளைத் தோளைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். சிங்காரம் தறி மறைவில் நின்றுகொண்டு, "என் பேர் இன்னான்னே தெரியாதா உனுக்கு? சொல்லு, சொல்லு" என்று சீண்டினான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள். மூன்று வருஷம் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

அறுபத்துநாலு மார்கழியில் சிங்காரம் லுங்கி மூட்டையோடு ராமேஸ்வரத்துப் பக்கம் போனான். கூடப் போனவன் வேடியப்பன், அவனும் துணி வியாபாரிதான். ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்கள், தனுஷ்கோடியில் சிலோன் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் என்று நல்ல விற்பனை. மூட்டையில் இருந்ததெல்லாம் ஒரே கட்டம்: மை நீலத்தில் அரக்குக் கோடு, அதை ஒட்டி இரட்டையாக மஞ்சள் இழை. ஜம்புலிங்கம் தானே யோசித்துப் போட்ட கட்டம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வேடியப்பன் மட்டும் திரும்பி வந்தான். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "நான் ராமேஸ்வரத்துலயே தங்கிட்டேன். மிச்சத்த தனுஷ்கோடில தள்ளிட்டு வந்துர்றேன்னு அவன் போனான். அன்னிக்குதான் புயலு" என்றான். கேட்டதும் விழுந்த ஜெயம்மாளை விட்டு ஜம்புலிங்கத்தால் நகர முடியவில்லை. பத்மாவின் அண்ணன் ராஜவேலுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஊர் இருந்த இடத்தில் மணலும் தண்ணீரும்தான் இருக்கிறது என்றான். உடம்பு கிடைக்கவில்லை. எத்தனையோ பேர் உடம்பு கிடைக்கவில்லை.

அந்தத் தறிக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம். புருஷன் போன பெண் வயசில் சின்னவளாக இருந்தால் மறுதாலி கட்டிக்கொள்ளலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு மாமனார் வீட்டார் "எங்க புள்ள இல்ல" என்று சபையில் வாயால் சொல்லி, காரியம் செய்து, பழைய தாலியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்லாதவரை அவள் சுமங்கலிதான். ஜம்புலிங்கம் சொல்லவில்லை. "உடம்பக் கண்ணால பாக்காம நான் எள்ளும் தண்ணியும் எறைக்க மாட்டேன்" என்றார். ஜெயம்மாள் இரண்டு வருஷம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு மட்டும் காரியம் நடந்தது. அதன்பின் அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் இரண்டு தறியும்தான். பேச்சே இல்லை.

அறுபத்தெட்டில் மெட்ராசில் பெரிய தமிழ் மாநாடு நடந்தது. அந்தச் சூட்டோடு சூடாக ஊருக்கு ஊர் தமிழ்க் கூட்டம் போட்டார்கள். திருத்தணியிலும் பந்தல் போட்டு, எங்கிருந்தோ ஒரு பேராசிரியரை அழைத்து வந்தார்கள். ஜம்புலிங்கம் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் பந்தல் ஓரம் நின்றார். பேராசிரியர் நல்ல குரல்காரர். கொலம்பசுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நம்மவர்கள் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்திருக்கலாம் என்றார். மெக்சிகோவின் பழங்குடிகள் நம் தாயத்தைப் போலவே ஓர் ஆட்டம் ஆடினார்கள் என்றார். சமுத்திரத்துக்கு இந்தப் பக்கமும் பருத்தி, அந்தப் பக்கமும் பருத்தி, விதை எப்படிப் போயிருக்கும், யோசியுங்கள் என்றார். எல்லாரும் திட்டம் போட்டுப் போனவர்கள் அல்ல, புயலில் சிக்கிய படகுகளையும் கட்டைகளையும் நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய்க் கரை சேர்த்திருக்கலாம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு என்றார்.

ஓரத்தில் நின்ற ஜம்புலிங்கம் நடுப்பந்தலுக்கு வந்துவிட்டார். கூட்டம் முடியும்போது எழுந்து நின்று கேட்டார்.

"ஐயா, அப்டி போனவங்க திரும்பி வந்தாங்களா?"

"எப்படி வர முடியும்? நீரோட்டம் ஒரு பக்கமாகத்தானே இழுக்கும்! போனவர்கள் அங்கேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்களை மணந்து, அந்த மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டார்கள்" என்றார் பேராசிரியர். பந்தல் கை தட்டியது.

ஜம்புலிங்கம் கை தட்டவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார். பத்மா தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எதிரில் உட்கார்ந்து பேசினார்.

"திரும்பி வராதவன்லாம் செத்தவன் இல்லம்மா. கரை சேந்தவனும் திரும்பி வர்றதில்லயாம். படிச்சவரு மைக்கு புடிச்சிகினு சொல்றாரு."

அவ்வளவுதான், அன்றோடு பிடித்துக்கொண்டது. பேராசிரியர் 'இருக்கலாம்' என்று சொன்னதெல்லாம் ஜம்புலிங்கம் வாயில் 'இருந்தது' ஆகிவிட்டது. கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தார். டீக்கடையில் நின்றுகொண்டு பருத்தி விதையிலிருந்து ஆரம்பித்துத் தாயக்கட்டை வழியாக மெக்சிகோ போய்ச் சேருவார். எழுபதில், யாரோ ஒரு வெள்ளைக்காரர் கோரைப் படகு கட்டிச் சமுத்திரத்தைத் தாண்டினார் என்று பேப்பரில் வந்தபோது ஜம்புலிங்கத்தைப் பிடிக்க முடியவில்லை. "கோரைம்மா! நம்ம ஏரில மொளைக்குதே, அந்த மாதிரி கோரை! அதுவே போவுதுன்னா ஒரு நல்ல கட்டை போவாதா?" நம் ஊர்க்காரர்களுக்கு அடுத்தவன் துக்கத்தில் கொஞ்ச நாள்தான் பொறுமை. அப்புறம் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். கப்பல் ஜம்புலிங்கம் ஆனது இப்படித்தான்.

பத்மாவுக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சோறு போடும்போது, "இந்நேரம் அங்க விடியற நேரம்" என்பார். "அங்கத்துப் பாஷையே ஒரு மாசத்துல புடிச்சிருப்பான், அவன் வாய்க்கு" என்பார். அவள் "ஆங்" என்று குழம்பு ஊற்றுவாள். பைத்தியம் முற்றிப்போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். ஆனால் செத்துக்கிடந்த வீட்டில் பேச்சு வந்திருந்ததும் உண்மை. எந்த நாளாவது அவர் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தால் அவளே, "பேப்பர்ல இன்னா போட்டிருக்கான் மாமா?" என்று கேட்டுவிடுவாள். ஏன் கேட்டோம் என்று அவள் யோசித்ததில்லை.

எழுபத்தொன்றில் ராஜவேலு ஒரு இடம் கொண்டுவந்தான். மாப்பிள்ளை பெயர் தேசப்பன், அரக்கோணத்தில் ரயில்வே வேலை. பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. அவன் ஒருநாள் யாரோ போலக் கடைக்கு வந்தான். பத்மா அன்று கடையில் இருந்தாள். ஒரே ஒரு லுங்கி எடுக்க அரை நாள் ஆக்கினான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றான். யார் அவன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தறியில் கை ஓடவில்லை. இருபத்தெட்டு வயசு. வெட்கப்பட இன்னும் மிச்சம் இருந்தது என்பது அவளுக்கே ஆச்சரியம்.

ராஜவேலு பக்குவமாகத்தான் பேசினான். "மாமா, ஏழு வருஷமாப் போச்சு. ஏழு வருஷம் ஒருத்தன் தகவல் இல்லன்னா கோர்ட்டே இல்லன்னு எடுத்துக்குதாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவளுக்கு ஒரு வழி பொறக்கும்."

ஜம்புலிங்கம் கோபப்படவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்துவந்தார். நூலகத்திலிருந்து சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தது. அந்த வயசில் திருட்டு! ஒரு படத்தைப் பிரித்து ராஜவேலுவின் மடியில் வைத்தார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு சந்தை. கலர் படம். இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு நாலைந்து ஆட்கள் மீன் கூடையோடு நிற்கிறார்கள். மை நீலம். அரக்குக் கோடு. ஒட்டினாற்போல் இரட்டை மஞ்சள் இழை.

"இது யாரு போட்ட கட்டம்? சொல்லு. நீயும் தறிக்காரன்தானே? என் புள்ள எடுத்துகினு போன மூட்டைப்பா இது. மெக்சிகோ வரைக்கும் போவல, அவன் அந்தக் கரையிலதான் ஏறியிருக்கான். ஏறுனவன் அங்கயும் யாவாரத்த ஆரம்பிச்சிட்டான்!" அவர் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

வேறு ஊரில் வேறு தொழில்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அவர்களுக்குத் துணி என்றால் துணி. தறிக்காரனுக்குத்தான் தன் கட்டம் தன் பிள்ளை முகம் மாதிரி.

ராஜவேலு படத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பத்மாவுக்குத் தெரியும். புயலுக்கு முந்தின வருஷம் மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவர் அந்தக் கட்டத்துக்கு ஆசைப்பட்டு, மாதிரிக்கு என்று அரை கெஜம் வாங்கிக்கொண்டு போனார். பிறகு பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் வீட்டுக்கு வீடு அதே கட்டம்தான் ஓடியது. அவளுடைய அத்தையே நெய்தாள். கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போகிற சரக்கு அது. மாதிரியை வெட்டிக் கொடுத்தவரே ஜம்புலிங்கம்தான். மறந்துவிட்டாரா, மறக்க வேண்டும் என்று மறந்தாரா, அது அந்த மலைமேல் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "கட்டம் நம்முதுதாண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஐயோ பாவம், அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ராஜவேலு தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

தேசப்பன் ஒரு வருஷம் காத்திருந்தான். அதற்கு மேல் யாரால் முடியும்? சோளிங்கர் பக்கம் பெண் எடுத்துவிட்டான் என்று ராஜவேலு வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனான். பத்மா கடைக்கு அனுப்ப லுங்கி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது நிற்கவில்லை. ஜம்புலிங்கம் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். "போவட்டும்மா. உன் புருஷன் கல்லு மாதிரி இருக்கும்போது உனுக்கு எதுக்கு இன்னொருத்தன்?"

அவள் கையிலிருந்த லுங்கியைக் கீழே வைத்தாள்.

"மாமா, அப்டி கரை சேந்தவங்க அங்கயே ஒருத்தியக் கட்டிகினு இருந்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆங்... அது அந்தக் காலத்துல..."

"அப்ப அவரும் கட்டிகினு இருப்பாரு. புள்ளைங்க இருக்கும். இஸ்கூலுக்குப் போவும். செத்திருந்தா நான் தாலியறுத்தவ. இருந்தா அவருக்கு அங்க ஒருத்தி. நான் ரெண்டும் இல்லாம உங்க வூட்ல தார் சுத்திகினு இருக்கறேன். எது எனக்குன்னு நீங்களே சொல்லிடுங்க மாமா. எதுவா இருந்தாலும் சரி."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இத்தனை வருஷம் தன் மகனை உயிரோடு வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எதிரில் இருந்த பெண்ணை உயிரோடு புதைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நூலகத்துக்குப் போவதை நிறுத்தினார். டீக்கடைக்காரர்கள் கிளறிப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. தை பிறந்ததும், "அமாவாசைக்கு மெட்ராஸ் போலாம்மா. கடல்ல போனவனுக்குக் கடல்லயே பண்ணிடலாம். உன் தாலிய நான் வாங்கிக்கறேன். அப்பறம் உங்கண்ணன் வேற எடம் பாக்கட்டும்" என்றார்.

இன்னொரு இடம் வராது என்று இருவருக்கும் தெரியும். முப்பதைத் தொடப் போகிறவளுக்கு யார் வரப்போகிறார்கள்? இருந்தாலும் ரயில் ஏறினார்கள்.

சென்ட்ரலில் இறங்கியதும் பழக்கத்தில் அவர் கால் நூல் கடைப் பக்கம் திரும்பியது. பத்மா அவர் கையைப் பிடித்துக் கடற்கரை பஸ்ஸில் ஏற்றினாள். மெரினா மணலில் இருவரும் நடந்தார்கள். அமாவாசைக் கூட்டம். அங்கங்கே புரோகிதர்கள், தர்ப்பை, எள், வாழை இலை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜம்புலிங்கம் தண்ணீர் ஓரம் போய் நின்றார்.

நின்றவர் நின்றபடி இருந்தார். ஒரு அலை எழும்பி வந்து உடைந்தது. அவர் பயந்து பின்னால் நகர்ந்தார். அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியமட்டும் தண்ணீர், அக்கரை என்ற ஒன்றே இல்லாமல்.

"பத்மா, இவ்ளோவா?"

அவள் நனைந்த சேலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஏரி ரொம்பிப்போனா இருக்குமே, அத்தவிட ஒரு பத்து மடங்குன்னு நெனைச்சிகினு இருந்தேம்மா. தண்ணி ஒரு பக்கமா இழுத்துகினு போவும், இவன் கட்டையப் புடிச்சிகினு படுத்திருப்பான்னு..." அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "இவ்ளோ பெருசுன்னு யாருமே சொல்லலியேம்மா. இதுல எவன் போவான்? புயலில்லாத நாள்லயே இப்டி அடிக்குதே. செத்துட்டாம்மா நம்ம புள்ள. அன்னிக்கே செத்துட்டான்."

இந்த வார்த்தைக்காகத்தான் பத்மா எட்டு வருஷம் காத்திருந்தாள். கேட்டதும் நெஞ்சில் பாரம் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. யாரோ கையைப் பிடித்திருந்து சட்டென்று விட்டுவிட்டாற்போல இருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அவர் பேசப் பேச அவள் அந்தப் பேச்சிலேயே புருஷனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அந்தச் சந்தைப் படத்தில் அவளும் ஒவ்வொரு முகமாகத் தேடியிருக்கிறாள். மாதிரி கொடுத்த கதையை அன்று அவள் விழுங்கியது அவருக்காக மட்டும் இல்லை.

"அப்டி சொல்லாதீங்க மாமா" என்று அவர் பக்கத்தில் குந்தினாள். "கோரைப் படகே போச்சே மாமா. பருத்தி போச்சுன்னு சொன்னீங்களே. அத்தினி தூரம் பருத்தி போயிருக்குதே!"

ஜம்புலிங்கம் கடலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"பருத்தி போவும்மா. பருத்திக்கு மூச்சு வேணாமே."

புரோகிதர் அவசரப்படுத்தினார். அவருக்கு வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். இலையைப் போட்டு, எள்ளை வைத்து, ஜம்புலிங்கத்தின் கையில் தர்ப்பையைக் கொடுத்துத் தண்ணீர் வார்த்தார். "இறந்தவர் பேரச் சொல்லுங்கோ" என்றார்.

ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். கையிலிருந்த தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பேரு? நேரமாறது."

பத்மா மாமனார் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை, தோளைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்த மாமியார் இல்லை. தறி மறைவில் நின்று சீண்டுகிறவனும் இல்லை.

"சிங்காரம்" என்றாள்.

புரோகிதர் சரியாகக் காதில் விழவில்லை என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.